மாதிரிக் கரையில் நம் வீடு

அன்புள்ள அப்பாவுக்கு,

இருமல் நின்றதா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன். போன வருஷத்துச் சட்டை இறுக்கிப் பிடிக்கிற அளவுக்கு நன்றாக.

நேற்று ஒரு வேடிக்கை. ஒரே கடலோரத்தில் இருக்கும் நான்கு நாட்டு அதிகாரிகளும் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்கள். கடல் மட்டம் ஏறினால் என்ன ஆகும் என்று, நான் மண்ணாலும் தீப்பெட்டி வீடுகளாலும் செய்த கரை மாதிரியில் தண்ணீர் விட்டுக் காட்டினோம். நம் பக்கம் தடுப்புச்சுவர் வைத்தால் அலை திரும்பிப் போய்ப் பக்கத்து நாட்டு ஊரை அப்படியே வாரிக்கொண்டு போகிறது. சுவரை எடுத்தால் அந்த ஊர் தப்புகிறது. நம் தெரு முழுகுகிறது. தெருக்காரர்களை மேட்டுப் பக்கம் குடியமர்த்தும் பொறுப்பை நான்கு நாடும் ஏற்பதாகச் சொன்னார்கள்.

நம் அதிகாரி என்னைப் பார்த்தார். "செஞ்சவ நீ. நீயே சொல்லும்மா."

"சுவர் வேண்டாம் சார்" என்றேன். வேறு என்ன சொல்வது, அப்பா?

எல்லாரும் டீ குடிக்கப் போனபின், பக்கத்து நாட்டு இன்ஜினியர் தண்ணீரில் மிதந்த தீப்பெட்டி வீடு ஒன்றை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்தார். நம் தெருவில் அதற்கு மட்டும்தான் நான் கதவு வரைந்திருந்தேன்.

"இது உங்க வீடா?"

"ஆமா சார். கொஞ்சம் நனைஞ்சிடுச்சு, அவ்வளவுதான்" என்று சிரித்துவைத்தேன்.

இப்போது அது என் மேஜைமேல் காய்கிறது.

வீட்டுப் பின்சுவருக்கு இந்த வருஷம் பூச்சு வேலை வேண்டாம். பழைய ஸ்வெட்டர் கிடைத்தால் அனுப்புங்கள். நம் வாசல் கதவு பச்சையா நீலமா என்று வரையும்போது நினைவு வரவில்லை. ஆய்வுக்கூடத்துக்குப் போகும் பஸ் வரும் நேரமாகிவிட்டது. நீங்களும் அம்மாவும் வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். தள்ளிப் போடாதீர்கள், அப்பா.

உங்கள் மகள்