நீங்கள் மட்டும் வெட்டிய தோடை மரங்கள்

அண்ணி, நேற்று பக்கத்து லயத்து மாரிமுத்து அண்ணன் தாம்பாளத்தோடு வாசலில் வந்து நின்றார். வெற்றிலை, பாக்கு, நடுவில் ஒரு தோடம்பழம். அவர் தோட்டத்தில் காய்த்ததாம். ஒரு பக்கம் சூம்பி, அடி மட்டும் பழுக்காமல் பச்சையாகவே இருந்தது. "ஞாயித்துக்கிழமை புது வீட்டுக்குப் பால் காய்ச்சுறோம், கட்டாயம் வந்துருங்க" என்றார். பழத்தைப் பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் கசந்தது. உங்கள் ஞாபகம்தான் வந்தது.

என் அண்ணன் இறந்த பிறகு, லயத்துக்குப் பின்னால் கிடந்த கல்லுக்காட்டைத் திருத்தி நீங்கள் தோடை வைத்தீர்கள். பழத்துக்காக மட்டுமா வைத்தீர்கள்? "மரம் நிக்கிற வரைக்கும் இடம் உங்க கையில" என்று ரப்பர் தோட்டத்துப் பழைய துரை எல்லோருக்கும் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். இந்த லயத்துப் பத்தடிக் காம்பரா அறையை விட்டு வெளியேறி, உங்கள் மகள் செல்விக்கு அங்கே ஒரு வீடு கட்டவேண்டும், அதுதான் உங்கள் ஆசை. ருவான்வெல்லைக் கடைக்காரர்கள் உங்கள் பழத்தைத் தேடி லயத்துக்கே வந்தார்கள். "நமக்கு பஸ் காசு மிச்சம்" என்று சிரிப்பீர்கள்.

பிறகு வந்தது அந்த நோய். இலையெல்லாம் திட்டுத் திட்டாக மஞ்சள். உரம் போட்டீர்கள், சாம்பல் தூவினீர்கள், மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டீர்கள். விவசாயக் கந்தோரிலிருந்து வந்த சிங்கள அதிகாரி மாத்தயா ஒரு கொப்பை முறித்துப் பார்த்துவிட்டு, "பெஹெத் நே" என்று கையை விரித்தார். மருந்தே கிடையாதாம். கடுகளவு பூச்சி ஒன்று மரத்துக்கு மரம் நோயைக் கொண்டுபோகிறது, எல்லோரும் சேர்ந்து வெட்டி எரித்தால்தான் புதுக் கன்று பிழைக்கும், ஒருவர் மட்டும் வெட்டினால் பிரயோசனமில்லை என்றார். அவரிடம் சிங்களத்தில் திரும்பத் திரும்பக் கேட்டு எங்களுக்கு விளங்கவைத்ததே நீங்கள்தான்.

கோயிலில் கூடினோம். மரம் வைத்திருந்த எல்லோரும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் கோடாலியைத் தூக்கினீர்கள். "மத்தவங்க ஆரம்பிக்கட்டுமே, அண்ணி" என்று கெஞ்சினேன். "கற்பூரத்தை அணைச்சது என் கைதானே" என்றீர்கள். காயோடு நின்ற மரங்களையெல்லாம் சாய்த்து எரித்தீர்கள். மாரிமுத்து அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தீபாவளிக்குப் பழத்தை வித்துட்டு நாங்களும் வெட்டிர்றோம்" என்றார். எந்தத் தீபாவளி என்று சொல்லவில்லை, பாவி மனுசன்!

வேறு ஒருத்தரும் வெட்டவில்லை. கம்பெனி அனுப்பிய புது துரை ஒருநாள் சுற்றிப் பார்க்க வந்தார். நல்ல மரமா, நோய் மரமா என்று அவர் கேட்கவேயில்லை. மரம் நின்ற இடங்களை விட்டுவிட்டு, உங்கள் இடத்தில் ரப்பர் கன்று வைக்கச் சொன்னார். தோட்டக் கந்தோர் வாசலில் நின்று நீங்கள் நியாயம் கேட்டீர்கள். "மரம் எங்க?" என்று ஒரே கேள்வியில் அனுப்பிவிட்டார்கள். அந்த ரப்பர் மரங்களில்தான் இன்று செல்வி பால் வெட்டுகிறாள். அதைப் பார்க்க நீங்கள் இல்லாமல் போனதே நல்லது, அண்ணி.

மாரிமுத்து அண்ணன் நேற்று அதோடு போகவில்லை. வலை போட்ட கொட்டிலில் வளர்த்த, நோயில்லாத தோடைக் கன்று இப்போது விவசாயக் கந்தோரில் தருகிறார்களாம். அதற்கு முன்னால் எல்லோரும் பழைய மரங்களை வெட்டவேண்டுமாம். "வெள்ளிக்கிழமை கோயில்ல கூடுவோம், தங்கச்சி" என்றார்.

"கற்பூரம் மிச்சமிருக்கா அண்ணே?" என்று கேட்டேன். மனுசனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மரத்தைக் காட்டிப் பிடித்த இடத்தில் வீடு எழும்பிவிட்டது, இனி அவருக்கு மரத்தால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை, கட்டாயம் வெட்டுவார். புதுக் கன்று நல்ல கன்று என்றுதான் சொல்கிறார்கள். காய்க்கட்டும். எனக்கும் செல்விக்கும் அதை நட ஒரு சாண் இடம் கிடையாது.

புறப்படும்போது, "உங்க அண்ணியோட கோடாலி இருக்குல்ல? ரெண்டு நாளைக்குத் தாங்களேன்" என்றார். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! இல்லையென்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "இருக்கு. தரமாட்டேன்" என்றேன்.

கதவுக்குப் பின்னால்தான் வைத்திருக்கிறேன், துருப்பிடிக்க விடவில்லை. செல்வியிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்: நம் வீட்டுக் கோடாலி இனி யாருக்காகவும் முதலில் வெட்டாது.