எல்லாக் கேள்விக்கும் “ஆமாங்க”

ஜூலை 28, செவ்வாய்

என் மக நஸ்ரினுக்கு மூணு வயசாகியும் பேச்சு வரலைன்னு இன்னிக்கு சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டரம்மா கேட்ட எல்லாத்துக்கும் “ஆமாங்க”ன்னேன். பேர் சொன்னா திரும்புவாளா? ஆமாங்க. தண்ணி வேணும்னு வாய்விட்டுக் கேப்பாளா? ஆமாங்க. என்னமோ பரீட்சையில புள்ளையைப் பாஸ் பண்ண வைக்கிற நெனப்பு எனக்கு.

அவங்க பேனாவைக் கீழ வெச்சாங்க. “ஏனுங்க, எல்லாம் செய்யறான்னு எழுதினா அவளுக்குப் பயிற்சி கிடைக்காதுங்க.”

அழுதுட்டேன். மனவளர்ச்சி இல்லாதவன்னு காலத்துக்கும் எழுதிடுவீங்களோன்னு பயந்துதான் பொய் சொன்னேன்னேன்.

“இந்த வயசுல அப்படி முடிவு கட்ட மாட்டோங்க. வளர்ச்சித் தாமதம்னுதான் போடுவோம். அஞ்சு வயசு தாண்டினதும் மறுபடி பார்ப்போம்.”

அவங்க எழுதிக் குடுத்த சீட்டுல ‘தற்காலிகம்’னு இருக்கு. மலை மேல இருக்குற எங்க ஊரு வர்ற வரைக்கும் பஸ்ஸுல அந்த ஒரு வார்த்தையையே படிச்சுட்டு வந்தேன்.

ஊட்டுக்கு வந்ததும் எப்பவும்போல நஸ்ரின் காலி டம்ளரை நீட்டினா. டாக்டரம்மா சொல்லிக்குடுத்ததை நான் சொன்ன மாதிரியே அவ அத்தா, என் ஊட்டுக்காரர், உடனே ஊத்தலை. குத்தவெச்சு, அவ முகத்துக்கு நேரா “தண்ணி”ன்னார்.

நஸ்ரின் டம்ளரைப் பாக்கலை. அவர் வாயையே பாத்தா. அப்புறம் மெதுவா அவ உதட்டைப் பிரிச்சா. சத்தம் வரலை. இன்னும் வரலை, அவ்வளவுதான்.