அவர் பந்து போட்ட பதினைந்து வருஷம்

பாகூர், 11-1-1934

காலையில் தந்தி. அடுத்த மாதம் சென்னையில் இங்கிலாந்து அணியோடு டெஸ்ட் ஆட்டம். இந்தியாவுக்காக என் வீட்டுக்காரரும் பந்து போட வேண்டுமாம். கடலூரில் படித்தபோது பழகிய ஆட்டம் இவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று யார் நினைத்தோம்?

மாமனாருக்குக் கரும்பு வெட்டுகிற கவலை. "ஏன்டா தேவநாதா, பீச்சாங்கையாலயா போடுவ? வெள்ளைக்காரன் சிரிக்க மாட்டான்?"

"சிரிக்கட்டும்பா. ஸ்டம்பு வுழும்போது நிறுத்திடுவான்."

15-2-1934

வந்துவிட்டார். ஏழு விக்கெட்! பந்தைத் திருகித் திருகி ஆள்காட்டி விரலில் தோல் கிழிந்திருக்கிறது. வெண்ணெய் தடவினேன். பேப்பரை எடுத்துக்கொண்டு போன மாமனார் தெருத் தெருவாக நின்று பேசிவிட்டு மத்தியானம்தான் சாப்பிட வந்தார்.

3-4-1936

இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டார். பாகூர் பிரெஞ்சு ஆட்சியில் இருப்பதால், பிரெஞ்சுக் குடி எப்படி இந்தியாவுக்கு ஆடலாம் என்று சென்னையில் யாரோ ஆட்சேபித்தாராம். பிறந்தது கடலூரில், அவர் அம்மா வீட்டில் என்று காட்டின பிறகுதான் விட்டார்கள். ஆறு மாதம். நான் எப்படி இருக்கப் போகிறேன்?

2-10-1936

மூன்று டெஸ்டில் பதினான்கு விக்கெட். ஆள்தான் பாதியாகத் திரும்பியிருக்கிறார்.

9-9-1939

ஐரோப்பாவில் சண்டை. இனி டெஸ்ட் ஆட்டமே நடக்காது என்கிறார். அவருக்கு இருபத்தொன்பது வயது.

12-3-1943

இன்று பந்தை ஏரியில் எறியப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வுடு அமுதம். வயசு முப்பத்திமூணு ஆவுது. யாருக்குப் போடறது? காக்காய்க்கா?"

"எனக்குப் போடுங்க! நான் இன்னா செத்தா பூட்டேன்?"

கத்தியே விட்டேன். அப்புறம் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. களத்தில் மூன்று குச்சி நட்டோம். முந்தானையைச் செருகிக்கொண்டு குச்சிகளுக்குப் பின்னால் நின்றேன். நான்காவது பந்து கணுக்காலில் பட்டு வீங்கிவிட்டது. ஓடி வந்து காலை மடியில் வைத்துத் தேய்த்தார்.

"நாளைக்கு வேணாம்."

"நாளைக்கும்தான்" என்றேன்.

23-1-1944

ஒரு நாள்கூட விடவில்லை. எது திரும்பும், எது நேரே வரும் என்று இப்போது அவர் கையைப் பார்த்தே சொல்கிறேன். மாமனார், "புருசனும் பொண்டாட்டியும் ஒரே பைத்தியம்" என்றார். பந்து வேலிக்குள் போனால் தேடி எடுத்துக் கொடுப்பதும் அதே மாமனார்தான்.

6-3-1946

சண்டை ஓய்ந்தது. இங்கிலாந்து போகிற அணியில் அவர் பெயர்! தந்தியைப் படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுதாரா? வேர்வை என்றார்.

24-7-1946

தந்தி: ஒரே இன்னிங்ஸில் ஆறு விக்கெட். மாமனார் இன்னும் இரண்டு மாதம் இருந்திருக்கலாம்.

சென்னை, 28-1-1949

மைதானத்தில் இன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். எங்கள் ஊரில் இன்னும் பிரெஞ்சுக் கொடி. அவரோ சுதந்திர இந்தியாவுக்கு ஆடுகிறார். இதோடு போதும் என்று சொல்லிவிட்டார். தோள் ஒத்துழைக்கவில்லை. வெஸ்ட் இண்டீஸ்காரர்கள் அவர் பந்தையும் விளாசித் தள்ளினார்கள். அவர் அசரவில்லை, போட்டுக்கொண்டே இருந்தார். மாலைக்குள் நாலு பேரைச் சாய்த்துவிட்டார்.

கூட்டம் முழுக்க எழுந்து நின்று, "தேவநாதன்! தேவநாதன்!"

பக்கத்தில் இருந்த அம்மாள், "தெரிஞ்சவரா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். பிறகு நானும் எழுந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் நான் வாய்விட்டுச் சொல்லாத பெயர்.

அவர் காதில் விழுந்திருக்காது. விழுந்தாலும் பரவாயில்லை.