அதற்கும் ஒரு கயிறு

செவ்வாய், இரவு.

என் மூளைக்கட்டியின் நடுவில் ஆக்சிஜனே இல்லை என்று டாக்டரம்மா சொன்னதும் எனக்கு ஒரே சந்தோஷம். ஹார்பரில் கப்பல் டேங்க் கழுவுகிறவன் நான். காற்றில்லாத இடத்தில் எதுவும் பிழைக்காது என்றேன்.

"இல்லைங்க. மூச்சு முட்டினா அது சிக்னல் கொடுத்து, புது ரத்தக்குழாயை வரவழைச்சு வளரும்" என்றார்.

திருட்டுக் கழுதை, இந்தக் கட்டி!

"டேங்குக்குள்ள மூச்சு முட்டினா நானும் இடுப்புக் கயித்ததான் இழுப்பேன், மேல கீறவன் தூக்கிடுவான். அந்தக் கட்டியோட கயித்த அறுத்துடும்மா" என்றேன்.

"மருந்து இருக்கு. முழுசா அறுக்கும்னு சொல்ல முடியாது."

"பரவால்ல, குத்து. நான் தாங்கிக்கிறேன்."

வீட்டுக்கு வந்ததும், "பேஜாராவாத, நான் கீறேன்ல" என்றாள் மனைவி ராணி. இப்போது என் சட்டை நுனியைப் பிடித்தபடி தூங்குகிறாள். பிடி தளரவில்லை.

இழுத்துப் பார், நாயே. என் கயிற்றையும் ஒருத்தி பிடித்திருக்கிறாள்.