ஓரிடத்தில் நின்றுபோகும் வயலின்

அம்மாவுக்கு,

நீ கேட்ட பள்ளிக் கச்சேரிப் பதிவை உன் போனுக்கு அனுப்பிவிட்டேன். நடுவில் இருமுவது தம்பி. என் மடியில் உட்கார்ந்திருந்தான். மேடையில் வாசித்த பிள்ளைகளைப் பார்த்து, பக்கத்து வீட்டு அத்தை, "நம்ம தெரு வாலுங்களா இதுங்க!" என்று வாயைப் பிளந்தாள்.

ஆமாம் அம்மா, நான் மேடையில் இல்லை. நீ வெளியூர் வேலைக்குப் போனபின் தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்டேன் அல்லவா, அதோடு வயலினையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "அவனையும் கூட்டிட்டு வாடி, ஓரமா உட்காரட்டும்" என்றார் இசை டீச்சர். அவன் உட்காருகிற பிள்ளையா?

பாதியில் ஒரு வயலின் சட்டென்று நின்று, பிறகு சேர்ந்துகொள்ளும். தப்பாக வாசிக்கிறாள் என்று நினைக்காதே. இரண்டு பேருக்கு ஒரே ஸ்டாண்டு, ஒரே இசைத்தாள். ஒருத்தி நிறுத்திப் பக்கம் புரட்ட, மற்றவள் விடாமல் வாசிக்கவேண்டும். புரட்டுவது என் வேலை. என் நாற்காலியில் வேறு யாரையும் உட்காரவிடாமல், என்னோடு ஜோடியாக வாசித்த நம் ஒல்லி தானே நிறுத்தித் தானே புரட்டினாள். அந்த இடத்தில் என் விரல்கள் தன்னால் அசைந்தன. தம்பி, "கிச்சுகிச்சு மூட்டாதக்கா" என்றான்.

இதற்காக வேலையை விட்டுவிட்டு வந்துவிடாதே. வந்துவிட்டால், திரும்பிப் போ என்று சொல்ல எனக்குத் தைரியம் வராது.

உன் மூத்தவள்