பிரசவ அறைச் சுவரிலிருந்து என் படத்தைக் கழற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
பல் மருத்துவமனை உதவியாளர்,
இவ்வாண்டின் "பொறுமைத் தாய்" விருதாளர்.
(பெயரும் வயதும் தங்கள் மகப்பேறு மருத்துவமனையின் பிரசவ அறையில், சட்டம் போட்ட படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் உள்ளன. முகவரி தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது.)

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மகப்பேறு மருத்துவமனைகள் நிர்வாகம்.

பொருள்: மூன்று முறை எழுத்து மூலம் வலி நிவாரண ஊசி கேட்ட என்னை, ஊசி வேண்டாமென்று மறுத்தவராகப் பதிவு செய்து பரிசும் கொடுத்தது – பதிவைத் திருத்தவும் படத்தைக் கழற்றவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்குக் கடந்த மூன்று வாரங்களில் நான் எழுதிய இரண்டு கடிதங்கள். முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவதற்குத் தாய்ப்பால் ஊட்டுவது எப்படி என்ற கையேடு வந்தது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஐந்து மாதங்களுக்கு முன் மேற்படி மருத்துவமனையில் பெண் குழந்தை பெற்றேன். குழந்தை நலம், நானும் நலம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் தங்கள் ஊழியர்கள், "அதான் நல்லபடியா பொறந்துடுச்சே, அப்புறம் என்ன?" என்று கேட்கிறார்கள். அப்புறம் என்ன என்பதைக் கீழே எழுதியுள்ளேன்.

2. ஏழாம் மாதத்தில் மருத்துவமனை நடத்தும் கர்ப்பிணிகள் வகுப்புக்குச் சென்றேன். வகுப்பெடுத்த ஆலோசகர் அம்மையார், "ஊசி போட்டுக்கிட்டா உங்க பிரசவத்துக்கு நீங்களே வேடிக்கை பாக்க வந்தவங்க மாதிரி ஆயிடுவீங்க" என்றார். பதினான்கு கர்ப்பிணிகளும் தலையாட்டினோம். எனக்கு மட்டும் தொழில் காரணமாக ஒரு சந்தேகம் இருந்தது. எங்கள் பல் மருத்துவமனையில் மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டு பல் பிடுங்கியவர்கள் எவரும், தம் பல்லைத் தாம் பிடுங்கிக்கொள்ளவில்லையே என்று வருந்திப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து விசாரித்தேன். முதுகில் போடும் அந்த ஊசியால் இரத்த அழுத்தம் இறங்கலாம், சிலருக்குத் தலைவலி வரும், முக்கும் நேரம் நீளலாம் என்று தெரிந்துகொண்டேன். ஊசி இல்லாவிட்டால் விருப்பம்போல எழுந்து நடக்கலாம், பிரசவம் முடிந்ததும் உடனே எழுந்து உட்காரலாம் என்பதும் தெரிந்தது. என் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அவர், "அவசர பட்டன் இருக்கணும். அமுக்கறதும் அமுக்காததும் உன் இஷ்டம்" என்றார். மருத்துவமனையில் நான் கேட்ட அறிவுரைகள் அனைத்திலும் இவ்வளவு விவரமானது ஒன்றுகூட இல்லை. ஊசி இல்லாமல் தொடங்குவது, முடியாவிட்டால் கேட்பது என்று முடிவு செய்தேன். யாரும் என்னைத் தூண்டிவிடவில்லை. சேர்க்கையின்போது இதை எழுதியும் கொடுத்தேன். வாங்கிக் கோப்பில் வைத்தார்கள். கோப்பு என்பது எதையாவது படிக்காமல் வைப்பதற்கான இடம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

3. பிரசவ நாளன்று காலை ஏழரை மணிக்குச் சேர்ந்தேன். பதினொரு மணி வரை வராந்தாவில் நடந்தேன், சொல்லிக்கொடுத்தபடி மூச்சு விட்டேன், பக்கத்துக் கட்டில்காரியோடு சிரித்துப் பேசினேன். அதன் பிறகு வந்த வலியை இங்கே விவரித்தால் இந்த மனுவின் மரியாதை கெட்டுவிடும். தலைமைச் செவிலியரை "அம்மா, அம்மா" என்று கெஞ்சினேன் என்று மட்டும் பதிவு செய்கிறேன். அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர். பதினொன்று இருபதுக்கு முதல் முறை ஊசி கேட்டேன். "நல்லாத்தானே பண்ணிட்டிருக்கீங்க, இன்னும் கொஞ்சம் பாக்கலாம்" என்றார். எதைப் பார்ப்பது, யார் பார்ப்பது என்று அவர் சொல்லவில்லை. பதினொன்று ஐம்பதுக்கு மறுபடி கேட்டேன், இம்முறை சற்று உரக்க. அப்போதுதான் அப்படி ஒரு படிவம் இருப்பதை எனக்குத் தெரிவித்தார்கள்.

4. படிவத்தின் பெயர் "வலி நிவாரணக் கோரிக்கை". பிரசவ வலியில் இருக்கும் பெண் தன் கையால் அதில் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து, சேர்க்கையின்போது அவள் போட்ட கையெழுத்தோடு பொருந்த வேண்டும். பொருந்துகிறதா என்று கீழ்த்தளத்தில் உள்ள பதிவறை எழுத்தர் சரிபார்ப்பார். அவர் திருப்தியடைந்த பின்பே படிவம் மாடியேறும். இவ்வளவு ஆழ்ந்து யோசித்து இந்த விதியை உருவாக்கியவர் ஒரு முறையாவது காலில் முள் குத்தி வலி அறிந்தவராக இருக்க முடியாது.

5. என் கையெழுத்தில் ஏழு எழுத்துகளும் கடைசியில் ஒரு சுழியும் உண்டு. பன்னிரண்டு பத்துக்கு முதல் படிவத்தில் மூன்றாவது எழுத்தை எழுதும்போது வலி வந்தது. பேனா தாளைத் தாண்டி அட்டைக்கு ஓடிவிட்டது. இருபத்தைந்து நிமிடம் கழித்துப் படிவம் திரும்பி வந்தது. சிவப்பு மையில், "கையெழுத்து பொருந்தவில்லை" என்று எழுதியிருந்தது. இரண்டாவதில் வேகமாகக் கிறுக்கினேன். அது ஒன்று இருபதுக்கு, "கோட்டுக்கு வெளியே உள்ளது" என்ற குறிப்போடு வந்தது. கோட்டுக்குள் நிற்கும் நிலையில் அப்போது என்னிடம் எதுவும் இல்லை. ஒன்று நாற்பத்தைந்துக்கு மூன்றாவது போனது.

படிவங்களோடு மாடிப்படி ஏறி இறங்கியவர் இளைய செவிலியர் ஒருவர். அவர் மீது எனக்குப் புகார் இல்லை. கடைசி முறை போகும்போது அவர் கண் கலங்கியிருந்தது. அந்தக் கட்டடத்தில் அன்று எனக்காக நடந்த ஒரே மருத்துவச் செயல் அதுதான்.

என் கணவர் பதிவறைக்கே போய், தான் கையெழுத்திடுவதாகச் சொன்னார். "நோயாளிதான் போடணும் சார்" என்றார் எழுத்தர். "நான் போய் அவ கையப் புடிச்சுப் போட வைக்கவா?" என்று கேட்டார் கணவர். "அது மோசடி ஆயிடும் சார்" என்று பதில் வந்தது. எழுத்தரின் நேர்மையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஒரு பெண் போலியாக வலி நிவாரணம் பெற்றுவிடாமல் தடுத்துவிட்டார்.

6. ஊசி போட வேண்டிய மயக்க மருத்துவர் இல்லை என்றால்கூட நான் மனம் ஆறியிருப்பேன். அவர் இருந்தார். அடுத்த அறையில், மின்விசிறிக்குக் கீழே, காலை முதல் பணியில் இருந்தார். ஒன்றரை மணிக்கு எட்டிப் பார்த்து, "ஃபார்ம் வந்துடுச்சா?" என்று கேட்டார். வரவில்லை என்றதும் போய்விட்டார். என் இரத்த அழுத்தம் சரியில்லை, நேரம் கடந்துவிட்டது, முதுகெலும்பில் கோளாறு என்று அவர் ஒரு காரணம் சொல்லியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். மருத்துவம் அறிந்தவர் சொன்னால் கேட்டுக்கொள்ளும் இடத்தில்தான் நானும் வேலை பார்க்கிறேன். அன்று மருத்துவக் காரணம் எதையும் யாரும் சொல்லவில்லை. என் சுழி சரியில்லை என்றார்கள்.

7. இரண்டு நாற்பதுக்குக் குழந்தை பிறந்தது. மூன்று ஐந்துக்கு மூன்றாவது படிவம், "சரி. ஏற்கலாம்" என்ற குறிப்போடு வந்து சேர்ந்தது. அதன் நகலைத் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். இம்மனுவுடன் அதை இணைத்துள்ளேன்.

8. மூன்றாம் நாள் கண்காணிப்பாளர் தாமே வந்து எனக்கு ஒரு சான்றிதழும் பூங்கொத்தும் கொடுத்தார். வலி நிவாரணமின்றிப் பிரசவித்த பொறுமைத் தாய் என்று சான்றிதழில் இருந்தது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு படத்துக்குச் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தேன். இந்த மனுவில் என்னைப் பற்றியும் ஒரு புகார் எழுத வேண்டியிருக்கிறது, அது இதுதான். அம்மா அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் காட்டினார். நாத்தனார் முதல் முறையாக என்னைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது. நான் கதறியதை யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து மாதம் அந்தப் பொய்க்குள் காலை நீட்டி வசதியாகப் படுத்திருந்தேன். தங்கள் ஊழியர்களைப் பற்றி நினைக்கும்போது வரும் அருவருப்பில் ஒரு பங்கு எனக்கும் உரியது என்று ஒப்புக்கொள்கிறேன்.

9. சான்றிதழ் ஏன் என்பது பிறகு தெரிந்தது. மாதந்தோறும் மிகக் குறைவாக ஊசி போட்ட பிரசவ அறைக்குத் தங்கள் நிர்வாகம் சுழற்கேடயம் வழங்குகிறது. எங்கள் கண்காணிப்பாளர் மூன்று மாதம் தொடர்ந்து வாங்கியிருக்கிறார். வலித்தது எங்களுக்கு, கேடயம் அவருக்கு.

இங்கே ஒரு செய்தியைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருவது பொருத்தமாக இருக்கும். விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய வாரத்தில் எங்களிடம் ஒருவர் கடைவாய்ப் பல் பிடுங்க வந்தார். தொழில் தர்மம் கருதி அவர் யார் என்று சொல்ல மாட்டேன். கேடயத்தைக் கையில் ஏந்தி நிற்கும் படம் ஒன்று அவருக்கு உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒரு ஊசி போட்டோம். "நல்லா மரத்துடுச்சானு பாத்துட்டு ஆரம்பிங்க டாக்டர்" என்று இன்னொன்று கேட்டார். நாற்காலியின் கைப்பிடி போதாமல் என் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார். கேட்டதும் போட்டோம். படிவம் நீட்டவில்லை, கையெழுத்தை ஒப்பிடவில்லை. இயற்கையாகப் பிடுங்கிக்கொண்டால் மனத்துக்கு நிறைவாக இருக்கும் என்று வகுப்பெடுக்கவும் இல்லை. எங்களுடையது சிறிய மருத்துவமனை, அவ்வளவு முன்னேற்றம் இன்னும் வரவில்லை.

10. இவை அனைத்தையும் விழுங்கிவிட்டு என் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது மனு எழுத வேண்டி வந்தது என் தங்கையால்.

அவள் நிறைமாதமாக இருக்கிறாள். இம்மாதம் இருபத்துநான்காம் தேதி நாள் குறித்திருக்கிறார்கள், அதே மருத்துவமனையில். மூன்று வாரங்களுக்கு முன் அவளோடு வகுப்புக்குத் துணையாகப் போனேன். ஆலோசகர் அம்மையார் எல்லாரையும் பிரசவ அறைக்கு அழைத்துச் சென்று, கட்டில்களுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கும் என் படத்தைக் காட்டி, கீழே இருந்ததை வாசித்தார். "ஊசி வேண்டாமென்று மறுத்து, ஏழு மணி நேரம் புன்னகையோடு பொறுத்த தாய்." அதுவரை அந்த வாசகத்தை நான் பார்த்ததில்லை. என் தங்கை என் தோளைப் பிடித்துக்கொண்டு, "எங்க அக்காதான்! இதோ நிக்கிறாங்க பாருங்க" என்று எல்லாரிடமும் சொன்னாள். கைதட்டினார்கள். அதே இடத்தில் ஊசி வேண்டாம் என்ற முன்மறுப்புப் படிவத்தை நீட்டினார்கள். அக்காவால் முடிந்தது தன்னாலும் முடியும் என்று கையெழுத்திட்டாள். மேசை, நாற்காலி, நல்ல பேனா எல்லாம் கொடுத்தார்கள். மறுப்பவளின் கையெழுத்தை யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் அந்த மறுப்பை அவள் இரத்து செய்ய நினைத்தால், பிரசவ வலியில், பொருந்தும் கையெழுத்தோடு, மூன்று பிரதிகளில் கேட்க வேண்டும்.

மறுநாள் என் மருத்துவப் பதிவின் நகல் கேட்டு வாங்கினேன். "வலி நிவாரணம்: தாய் தாமாகவே மறுத்தார்" என்று அதில் இருக்கிறது. அதைத் தங்கையிடம் கொண்டுபோய் உண்மையைச் சொன்னேன். கெஞ்சியது, கதறியது, படிவங்கள், எல்லாவற்றையும். அவள் சிரித்தாள். "உனக்கு எப்பவும் இந்த அடக்கம்தான்க்கா" என்றாள். ஏற்கப்பட்ட மூன்றாவது படிவத்தைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "கடைசில நீ ஊசி போட்டுக்கலல்ல? அப்போ முடிஞ்சுதுல்ல?" என்றாள். மருத்துவமனை சட்டம் போட்டு மாட்டியதற்கு எதிரே என் வாய்ச்சொல் நிற்கவில்லை.

11. என் தங்கைக்கு ஊசி போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஊசியில்லாமலே அவள் நன்றாகப் பெற்றெடுக்கலாம். பலர் பெறுகிறார்கள், அது அவர்கள் விருப்பம், அதற்கு நான் யார் குறுக்கே நிற்க. அவள் என்னைப் பார்த்து முடிவெடுத்திருக்கிறாள், அவள் பார்த்தது நான் இல்லை. ஆகவே பின்வருவனவற்றை இருபத்துநான்காம் தேதிக்கு முன் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என் மருத்துவப் பதிவில் "தாமாகவே மறுத்தார்" என்பதை அடித்து, "மூன்று முறை எழுத்து மூலம் கேட்டார், தரப்படவில்லை" என்று எழுத வேண்டும். திருத்திய நகலை மருத்துவமனை முத்திரையோடு தர வேண்டும், தங்கையிடம் காட்டுவதற்கு. கையெழுத்தை ஒப்பிடும் விதியை இரத்து செய்ய வேண்டும். முன்பு மறுத்திருந்தாலும், ஒரு பெண் பிரசவ அறையில் வாயால் கேட்டால் அதையே கோரிக்கையாக எடுத்துக்கொண்டு, மருத்துவக் காரணம் இருந்தால் மருத்துவர் நேரில் வந்து அவளிடம் சொல்ல வேண்டும். சுழற்கேடயத்தைத் தாங்கள் விரும்பியபடி செய்துகொள்ளலாம்.

முக்கியமாகப் படத்தைக் கழற்ற வேண்டும். என் தங்கை அந்தக் கட்டிலில் கிடந்து, தாங்க முடியாமல் ஊசி கேட்க வாயெடுக்கும் நேரத்தில், அவள் கண்ணுக்கு நேரே என் முகம் சிரித்துக்கொண்டிருக்கக் கூடாது.

நாள்: 3ஆம் தேதி, வியாழக்கிழமை
இடம்: பல் மருத்துவமனையின் பின் அறை

இனியும் பொறுக்க மனமில்லாத,
(கையொப்பம்)
மனுதாரர்

இணைப்பு: கோரிக்கைப் படிவ நகல் – 1, மருத்துவப் பதிவு நகல் – 1, பொறுமைத் தாய் சான்றிதழ், அசல் – 1 (திருப்பி அனுப்ப வேண்டாம்).