அரைக்குரல்

பெப். 10, செவ்வாய்
பேர்ண் நகரம் முழுக்க ஈரப்பனி. ட்ராமுக்குள் ஒரே சேறு. பத்து மணிக்கு ஒபரா ஒத்திகை. மேல் ஸ்வரம் வந்தது, ஆனால் அடியில் ஒரு கரகரப்பு. இசைக்குழுவை நடத்தும் டிரிகென்ட் குச்சியை நிறுத்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் பயம். அடுத்த வருட ஒப்பந்தம் நீளுமா என்பது இந்த மாதம்தான் முடிவாகும். என்னைப்போல் பாரிட்டோன் குரலுக்கா பஞ்சம்.

பின்னேரம் தங்கச்சி ஜெனியின் போன், டீட்டிகோனில் அப்பா வீட்டிலிருந்து. மாமி போய்விட்டா. அப்பாவின் அக்கா, எங்கள் இரண்டு பேருக்கும் சோறு தீத்தி வளர்த்தவ. அப்பா போனை வாங்கி, வெள்ளிக்கிழமை அடக்கப் பூசையில் நான்தான் பாடவேண்டும் என்றார். ஓம் என்றேன்.

வாங்க: பால், இஞ்சி, கறுப்புச் சப்பாத்துக்குக் கயிறு.

பெப். 11, புதன்
தொண்டை டாக்டர். மூக்கு வழியாக கமரா. குரல்நாணில் சின்ன இரத்தக்கட்டு. முழுக்குரலில் பாடினால் வெடிக்கலாம். பிறகு எந்தக் குரல் மிஞ்சும் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். அரைக்குரல் மட்டும், அதுவும் தேவைக்கு.

தியேட்டரில் சொல்லவில்லை. ஒத்திகையில் அரைக்குரலில் பாடிக் குரலைச் சேமிப்பது எல்லோருக்கும் வழக்கம், பிடிபடாது. சொன்னால் மாற்று ஆள் அன்றே ஜெர்மனியில் ரயில் ஏறுவான். அப்பாவிடமும் மூச்சு விடவில்லை. அவருக்குத் தெரிந்தால் பொழுதுபட முன் ஜெனீவா வரை தெரியும்.

பெப். 13, வெள்ளி
அடக்கம். மாதா கோயில் நிறையச் சனம், ஊரில், மன்னாரில், வீடியோவில் மிச்சப் பேர். பாடினேன். கீழ்ஸ்தாயியில், வாய்க்குள்ளேயே. மூன்றாம் வரிசையைத் தாண்டியிருக்காது. எங்கள் ஆட்களுக்குச் செத்தவீட்டுப் பாட்டு என்றால் அழுகையைத் திறந்துவிட வேண்டும். நான் பாட ஒருவரும் அழவில்லை. யாரோ இருமினார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் அப்பா, நிலத்தைப் பார்த்தபடி.

பிறகு மண்டபத்தில் தேத்தண்ணி, ரோல்ஸ். அப்பா நேரே வந்தார்.

"வெள்ளைக்காரருக்கு முழுக்குரல். உன்ர மாமிக்கு மிச்சம் மீதியோ?"

வாயைத் திறந்தேன். சுற்றிவர ஆட்கள். மூடிவிட்டேன்.

பெப். 15, ஞாயிறு
வெயில். வீண் வெயில். அப்பா இனி என்னோடு கதை பேச்சு இல்லையாம், ஜெனி எழுதியிருக்கிறாள். எங்கள் குடும்ப வியாதி இது. சித்தப்பாவோடு அவர் கதையாமல் இருந்தது நான் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை ஓடியது. வருகிற வெள்ளிக்கிழமை ஒபராவின் முதல் காட்சிக்கான டிக்கெட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். என் காட்சி ஒன்றையும் தவறவிடாதவர். கோயில் கோட்டோடு வருவார், இடைவேளைக்குச் சம்பல் பாண் கட்டிக்கொண்டு.

கோபம் வந்தது. பிறகு வெட்கம். சோறு குழைந்துவிட்டது.

பெப். 20, வெள்ளி
முதல் காட்சி. முழுக்குரலில் பாடினேன், வேறு வழியில்லை. அப்பாவின் இருக்கையில் யாரோ ஒரு பெண், இருமல் மிட்டாய் பிரித்துக்கொண்டு. மூன்றாம் அங்கத்தில், நான் நடிக்கும் தகப்பன் மகளிடம் மன்னிப்புக் கேட்கும் இடம். ஏதோ அறுந்தது. வலி இல்லை. காற்று மட்டும். மிச்சத்துக்கு உதட்டை அசைத்தேன். திரை விழுந்தபின் ஒருவரும் என் முகம் பார்க்கவில்லை.

பெப். 21, சனி
வெடித்துவிட்டது. ஒரு சொல் கூடாது, குசுகுசுப்பு அதைவிட மோசமாம். ஒபரேஷனா இல்லையா, வீக்கம் வற்றட்டும் என்கிறார் டாக்டர். சூக் நகரில் பாட இருந்த ஜெர்மன் பாட்டுக் கச்சேரி ரத்து. தியேட்டர் மெயிலில் சுகம் வேண்டி வாழ்த்து. ஒப்பந்தம் பற்றி ஒரு வரி இல்லை.

ஜெனிக்கு எல்லாம் எழுதினேன், செத்தவீட்டில் ஏன் அப்படிப் பாடினேன் என்பதையும்.

பெப். 23, திங்கள்
மழை. மத்தியானம் போன். அப்பா.

"ஜெனி சொன்னவள். நீ கதைக்காதை. நான் கதைக்கிறன்."

நேற்றுப் பூசை முடிய, கோயில் வாசலில் நின்ற எல்லோரிடமும், மகனைப் பற்றித் தான் சொன்னது பிழை என்று சொன்னாராம். யாரும் கேட்கவேயில்லையாம், தானாகச் சொன்னாராம். பிறகு எனக்குக் கட்டளை: மேசையில் ஒருக்கால் தட்டினால் ஓம், இரண்டு தரம் என்றால் இல்லை. சாப்பிட்டாயா? தட்டினேன். கஞ்சி காய்ச்சத் தெரியுமா? இரண்டு தரம் தட்டினேன். சிரித்தார். எனக்கு அழுகை முட்டியது. அழவும் பயம், அதுவும் சத்தம்தானே.

பிறகு அவர் குரல் இறங்கியது.

"தம்பி, குரல் திரும்பி வருமோ?"

விரல் மேசைக்கு மேலே. அப்பா போனை வைக்கவில்லை. நான் தட்டவில்லை.